இணைப்பின் விலை

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்று முன்னோர் சொல்லிவைத்த பழமொழியில் இரண்டு அனுபவங்களே அடங்கியுள்ளன. அவர்கள் காலத்தில் சுவரும் கூரையும் அமைந்த வீடு முழுவீடாகக் கொள்ளப்பட்டது. கிணறு வெட்டிப் படலை வைத்துப் பால் காய்ச்சிக் குடிபுகுந்த அன்றே வீட்டுக் கணக்கு முடிந்துவிடும். இந்நாளிலோ குடிபுகுந்த பின்னரும் வீடு குறைவீடாகவே நிற்கின்றது. மின்சாரக் கம்பி ஒரு புறத்தால் வரவேண்டும். தொலைபேசிக் கம்பி மறு புறத்தால் வரவேண்டும். ஆதலின் அப்பழமொழியோடு, தொலைபேசி இழுத்துப் பார் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை.

பண்டிதன் ஒருவனுக்கு இலக்கணமும் இலக்கியமும் இருக்க, தொலைபேசிக் கணக்கு எதற்கு என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். சொல்லுக்குப் பொருள் காண்பது பண்டிதன் தொழில். ‘இணைப்பு’ என்னும் ஒரு சொல்லின் பேரால் நாட்டில் எத்தனையோ வீட்டார் பணம் கட்டுகின்றனர். அச்சொல்லின் பொருள் யாது, அதன் விலையைக் கொடுக்கக் கடமைப்பட்டவர் யார் என ஆராய்தல் அத்தொழிலுக்குப் புறம்பானதன்று.

முதலில் கணக்கைச் சொல்கின்றேன். அண்மையில் ஊரில் ஒரு சிறு கல்வீடு கட்டிக் குடிபுகுந்தோம். தொலைபேசியும் இணையமும் ஒருங்கே வரத்தக்க கம்பி ஒன்று வேண்டுமென்று ஒரு நிறுவனத்தாரிடம் விண்ணப்பித்தேன். அவர்தம் கட்டண அட்டையில் ‘இணைப்புக் கட்டணம்’ என ஒரு தொகை அச்சிடப்பட்டிருந்தது. பார்வைக்கு அது பெருந்தொகையன்று. ஆயின், அட்டையில் இருந்தது தலைவாசல் மாத்திரமே. அதற்கு உள்ளே அறைகள் பல இருந்தன.

அடையாள அட்டையின் பிரதியும் கிராம அலுவலரின் வதிவிடச் சான்றும் வேண்டப்பட்டன. இவற்றுக்குப் பணம் அதிகம் இல்லை. ஒரு வேலைநாள் போயிற்று. நாட்கூலி பெறுபவனுக்கு அந்த ஒரு நாளும் கட்டணமே. அடுத்து, திருப்பித் தரப்படும் என்ற உறுதியுடன் ஒரு வைப்புப் பணம். அதன்பின் வீட்டினுள்ளே வைக்கும் பெட்டிக்கு ஒரு விலை. இப்பெட்டியை எல்லாரும் றூட்டர் என்று சொல்கின்றனர். யானும் அவ்வாறே சொல்லிப் போகின்றேன். சுவரினுள் கம்பி செல்வதற்குக் குழாய் பதிக்கும் வேலை வேறு. மதில் பூசுமுன்னரே மேசனிடம் சொல்லிக் குழாயைப் பதித்துவைத்தமையால் அச்செலவில் ஒரு பகுதி எனக்குத் தப்பியது. புதுவீடு கட்டுவோர் இதனை மனத்திற் கொள்வது நன்று. பூசிய சுவரை மீண்டும் உளியால் வெட்டும்போது காசோடு மனமும் சேர்ந்து வெட்டுப்படும்.

இவற்றிற்கெல்லாம் மேலாக ஒன்று வந்தது. வேலைக்கு வந்த இளைஞர் ஒழுங்கை முகப்பில் நின்று கம்பத்தையும் என் படலையையும் மாறிமாறிப் பார்த்தார். “ஐயா, இந்தத் தூரம் வரைக்குந்தான் கட்டணத்துக்குள்ள வரும். அதுக்கங்கால வாற கம்பிக்கும் கம்பத்துக்கும் வேற காசு” என்றார். அவர்மேற் குற்றமில்லை, அவர் சட்டத்தைச் சொன்னார். முகப்பிலிருந்து என் படலை வரை மூன்று கம்பங்கள் நடப்பட்டன. எல்லாம் முடிந்து பற்றுச்சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தபோது, கட்டண அட்டையில் அச்சிட்டிருந்த தொகையைப்போல் இருமடங்குக்கு மேல் என் கையைவிட்டுப் போயிருந்தது.

ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளாக ஊதியம் பெறும் ஒருவன் இதனை ஒருவாறு தாங்கிக்கொள்வான். ஆகவே என் செலவு இக்கட்டுரைக்குப் பொருளன்று. பொருளாவது எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு.

என் வளவுக்கு அப்பால் ஒழுங்கை வளைந்து, ஒரு பனங்கூடலைத் தாண்டிச் சென்று அவ்வீட்டில் முடிகின்றது. தையல் வேலை செய்து இரண்டு பெண்பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஒரு தாய் அங்கே வாழ்கின்றார். மூத்தவள் உயர்தர வகுப்பு மாணவி. கைத்தொலைபேசியின் அலை அந்தப் பனங்கூடலுக்குள் வந்தும் வராமலும் தள்ளாடும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் இணையவழி நடந்த காலத்தில், பிள்ளைகள் இருவரும் படலைக்கு வெளியே வந்து மதிலோரம் நின்று ஒரே கைத்தொலைபேசியில் பாடங் கேட்டனர். ஆகவே தமக்கும் ஒரு கம்பி வேண்டுமென்று அத்தாய் விசாரித்தார். என் படலையிலிருந்து அவர் படலைக்கு இன்னும் நான்கு கம்பங்கள் வேண்டும். நான்கும் அவர் கணக்கில் என்று சொல்லப்பட்டது.

“ஐயா, அந்தக் காசுக்கு நான் இன்னொரு தையல் மெசின் வாங்கிப் போடுவன்” என்று சொல்லிவிட்டு, அவர் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

இதில் வேறொரு நுட்பமும் உண்டு. என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் இடையில் இரண்டு வெறுங் காணிகள் உள்ளன. உரியவர்கள் வெளிநாட்டில் இருக்கின்றனர். நாளை அவர்கள் வந்து மாடிவீடு கட்டினால், அத்தாயின் காசில் நட்ட கம்பங்களிலிருந்து தமக்குக் கம்பி எடுத்துக்கொள்வர். கம்பத்துக்கென ஒரு சதமும் அவர்களிடம் கேட்கப்படமாட்டாது. முந்தி வந்த வறியவர் பிந்தி வரும் செல்வர்க்கு வழி சமைத்துக் கொடுக்க வேண்டும் என்பதே இவ்வொழுங்கின் பொருளாகின்றது. எவரும் தீய எண்ணத்தோடு வகுத்ததன்று. எனினும் விளைவு அதுவே.

இனிச் சொல்லுக்கு வருவோம். இணை என்பது இரண்டு. தனித்து நிற்கும் ஒன்றை இணை என்று எவரும் கூறார். இணைவிழைச்சு, இணைக்கவி, இணைபிரியா நட்பு என எவ்விடத்து வரினும் அச்சொல் இருபாலையும் தழுவியே நிற்கும். பழைய தொலைபேசிக் கம்பியும் அவ்வாறே அமைந்தது. செப்பு இழைகள் இரண்டு ஒன்றையொன்று முறுக்கித் தழுவி வீட்டுக்கு வந்தன. அஃது இணையாக வந்தமையாற்றான் பேச்சுப் போயும் வந்தும் நிகழ்ந்தது. எனவே இணைப்பு என்பது ஒருவன் வீட்டுக்கு வரும் ஒரு பண்டமன்று. இருவர்க்கிடையே, அன்றிப் பலர்க்கிடையே, நிகழும் ஓர் உறவு. உறவின் செலவை ஒருபாலார்மீதே சுமத்துதல் சொல்லின் இயல்புக்கே மாறானது.

இது பண்டிதனின் சொல் விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதிருக்க, கணித ஆசிரியர்கள் துணைக்கு வருவார்களாக. ஊரில் தொலைபேசி உள்ள வீடு ஒன்றே ஒன்று என்று கொள்வோம். அவ்வீட்டான் யாருடன் பேசுவான்? அவனிடம் இருப்பது பயனற்ற பெட்டி. இரண்டு வீடானால் ஒரு சோடி பேசலாம். மூன்றானால் மூன்று சோடி, நான்கானால் ஆறு, பத்தானால் நாற்பத்தைந்து. பதினோராவது வீட்டுக்குக் கம்பி போகும்போது சோடிகள் ஐம்பத்தைந்தாகின்றன. வந்து சேர்ந்தது ஒரு வீடு. புதிதாய்ப் பிறந்த வழிகள் பத்து. அப்பத்து வழிகளிலும் ஒரு முனையிற் புதியவனும் மறுமுனையிற் பழையவர்களும் உள்ளனர். பழையவர் பதின்மரும் யாதொரு செலவுமின்றி ஒவ்வொரு புதுவழி பெற்றனர். புதியவன் ஒருவனே முழுவிலையும் கொடுத்தான்.

இக்கணக்கு இன்று நேற்று அறியப்பட்டதன்று. கிரகாம் பெல் தம் கருவிக்கு உரிமம் பெற்றது 1876ஆம் ஆண்டில். இரண்டு ஆண்டுகளுள், 1878ஆம் ஆண்டு சனவரியில், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வணிக முறையிலான முதல் தொலைபேசி இணைப்பு நிலையம் திறக்கப்பட்டபோது அதில் இணைந்தோர் இருபத்தொருவர். அவர்களுக்கிடையே அமையக்கூடிய சோடிகள் 210. இருபத்திரண்டாமவன் சேர்ந்த அன்று அது 231 ஆகியிருக்கும். அந்நாட்டின் பெரிய தொலைபேசி நிறுவனத்தின் தலைவராயிருந்த தியடோர் வெயில் என்பார், மறுமுனையில் ஆளில்லாத தொலைபேசி விளையாட்டுப் பொருளாகக்கூட உதவாது என்னுங் கருத்தைத் தம் நிறுவனத்தின் 1908ஆம் ஆண்டு அறிக்கையிலேயே வெளியிட்டார். வாணிகஞ் செய்தவரே ஒப்புக்கொண்ட உண்மை இது.

நம் நாட்டில் நடந்தது யாது? கொழும்புக்கும் காலிக்கும் இடையே 1858ஆம் ஆண்டில் தந்திக்கம்பி இழுக்கப்பட்ட நாள் முதலாக நெடுங்காலம் இத்துறை அரசாங்கத்தின் கையில் இருந்தது. அக்காலத்தில் தொலைபேசி வேண்டி விண்ணப்பித்தவர் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். கட்டணத்தைவிடக் காத்திருப்பே பெருவிலையாயிற்று. செல்வாக்குள்ளவர் வரிசையில் முந்தினர். இல்லாதவர் தபாற்கந்தோர் வாசலில் நின்றனர். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தினால் திணைக்களம் கூட்டுத்தாபனமாயிற்று. 1996இல் கம்பியில்லாமலே வீட்டுக்குத் தொலைபேசி தரும் வேறு இரு நிறுவனங்கள் உரிமம் பெற்றன. போட்டி வந்தது, வரிசை குறைந்தது. காத்திருந்து கொடுத்த விலை, காசாகக் கொடுக்கும் விலையாக மாறியது.

வடபுலத்தார் கொடுத்த விலையோ வேறு. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்து மக்கள் மின்சாரமும் தொலைபேசியும் இன்றி நெடுங்காலம் வாழ்ந்தனர். கடல் கடந்து போன மகனின் குரலைக் கேட்பதற்கு வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போகவேண்டியிருந்தது. அவ்வழி எளிய வழியன்று; கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்திற் கடந்தோர் எத்தனை பேர், கடக்கும்போதே மாண்டோர் எத்தனை பேர்! சில நிமிடக் குரலுக்காகச் சில நாள்களையும் சில வேளை உயிரையும் பணயம் வைத்த மக்கள் நாம். இணைப்பு என்பது ஆடம்பரமன்று என்பதை நமக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. அதனால்தான், ஒழுங்கையின் கடைசி வீடு நான்கு கம்பங்களுக்காக இருளில் விடப்படுவதைக் காணும்போது நெஞ்சு பொறுக்கவில்லை.

புதியவன் தலையிற் செலவைச் சுமத்துதல் எங்கும் உள்ள வழக்கமே என்று சிலர் கூறுவர். உண்மை. அதற்குத் தக்க சான்று யப்பான். போருக்குப் பின் அந்நாட்டில் தொலைபேசிக் கம்பிகளை நாடெங்கும் பரப்பப் பெரும் பணம் வேண்டியிருந்தது. அதனைப் புதிதாய்ச் சேர்வோரிடமே வாங்கினர். அவர்கள் இணைப்புக்குப் பெருங் கட்டணம் செலுத்தியதுமன்றி, 1983ஆம் ஆண்டு வரை தொலைபேசிக் கடன்பத்திரங்களையும் வாங்க வேண்டியிருந்தது. அப்பணத்தின் துணையால் நாடு முழுவதும் கம்பி பரவி, 1978ஆம் ஆண்டளவில் காத்திருப்போர் வரிசை ஒழிந்தது. நெடுங்காலம் 72,000 யென்னாக இருந்த அக்கட்டணம் 2005ஆம் ஆண்டில் 36,000 யென்னாகப் பாதியாக்கப்பட்டது.

ஆயினும், கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. யப்பானியர் பணத்தை வாங்கிக்கொண்டு பற்றுச்சீட்டு மாத்திரம் கொடுக்கவில்லை. ஓர் உரிமையைக் கொடுத்தனர். இணைப்புரிமை அங்கே உடைமையாக மதிக்கப்பட்டது. அதனை விற்கலாம்; பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லலாம்; அடகு வைப்பதற்கும் தனிச்சட்டம் இருந்தது. கட்டணம் பாதியானபோது அவ்வுரிமையின் மதிப்பும் வீழ்ந்து பலர் மனங்கசந்தனர் என்பது வேறு கதை. எனினும் புதியவன் கொடுத்த பணத்துக்கு எதிராக அவன் கையில் ஒன்று இருந்தது. 1997ஆம் ஆண்டில் நமது ஸ்ரீலங்கா ரெலிகொம் நிறுவனத்தின் பங்குகளில் நூற்றுக்கு முப்பத்தைந்துக்குச் சற்று மேல் வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருந்ததும் யப்பானின் என்.ரி.ரி. நிறுவனமே. அந்நாட்டு மூலதனம் நம்மிடம் வந்தது. அந்த உரிமை முறை வரவில்லை. இங்கே கம்பம் நட்டவனுக்குக் கம்பத்தில் உரிமையில்லை; வீடு மாறிப் போனால் அவன் கொடுத்ததெல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

கட்டண அட்டையில் எழுதப்படாத இன்னுமொரு செலவையும் சுட்டல் வேண்டும். பழைய செப்புக்கம்பித் தொலைபேசி தனக்கு வேண்டிய மின்சாரத்தை இணைப்பு நிலையத்திலிருந்தே பெற்றது. அங்குள்ள மின்கலங்கள் ஏறத்தாழ 48 வோல்ற் மின்னழுத்தத்தைக் கம்பி வழியே அனுப்பிக்கொண்டிருந்தன. ஊர் முழுதும் இருண்டாலும் அத்தொலைபேசி மணி அடித்தது. இப்போது வரும் கம்பி மயிரிழை போன்ற கண்ணாடி இழை. அதில் ஓடுவது ஒளி, மின்சாரமன்று. ஆதலின் வீட்டில் மின்சாரம் நின்றால் பெட்டியும் உறங்கும், தொலைபேசியும் உறங்கும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நிகழ்ந்ததை யாரும் மறந்திரார். தனித்து வாழும் முதியோர் வீட்டில், வேண்டிய வேளையில் மணி அடிக்க வேண்டுமாயின், பெட்டிக்கென ஒரு மின்கலமும் வாங்கி வைத்தல் வேண்டும். முன்னர் நிறுவனத்தின் செலவாயிருந்தது இன்று வீட்டானின் செலவாக மாறியிருப்பதை எவரும் விளம்பரத்திற் சொல்வதில்லை.

இவ்வளவுங் கூறியதனால் நிறுவனத்தார் இலவசமாகக் கம்பம் நடவேண்டும் என்று யான் வாதிடுவதாக எண்ணற்க. கம்பத்துக்கும் கம்பிக்கும் அவற்றை நடும் தொழிலாளிக்கும் யாரோ ஒருவர் விலை கொடுத்தே ஆகவேண்டும். தூரத்து வீட்டுக்குச் செலவு அதிகம் என்பதும் மெய். வினா ஒன்றே: அவ்விலையை எவ்வாறு பகிர்வது?

விடையை யப்பானிலோ அமெரிக்காவிலோ தேடவேண்டியதில்லை. நம் வீட்டுப் பெட்டகத்துள் இருக்கின்றது. பழைய காணி உறுதிகளை எடுத்து வாசித்துப் பாருங்கள். நிலத்தின் எல்லையையும் பரப்பையும் சொன்ன பின்னர், கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் சொல்லப்பட்டிருக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லை உடைத்துக் கிணறு வெட்டுவது ஒருவனால் ஆகுங் காரியமன்று. பலர் சேர்ந்து வெட்டினர், பங்கு வைத்தனர், முறை வைத்து இறைத்தனர். பங்குக்கு உரியவன் காணியை விற்றால் பங்கும் கூடவே போயிற்று. கிணற்றடிக்குப் போகும் பாதைக்கும் நீர் ஓடும் வாய்க்காலுக்கும் உரித்து எழுதப்பட்டது. வழக்குகளும் வந்தன, வேலிச்சண்டைகளும் வந்தன. எனினும் இன்னார் இவ்வளவு கொடுத்தார், இன்னாருக்கு இவ்வளவு உரித்து என்பது எழுத்தில் இருந்தது.

கம்பத்துக்கும் இதுவே முறையாகலாம். ஒழுங்கையில் முதலில் விண்ணப்பித்தவர் நான்கு கம்பத்துக்குப் பணம் கட்டினால், அக்கம்பங்களில் அவருக்குள்ள பங்கு எழுதப்படட்டும். பின்னர் அதே கம்பங்களிலிருந்து கம்பி பெறுவோர் தத்தம் பங்கைக் கட்டட்டும். அது முன்னவர் கணக்கிற் சேரட்டும். மாதச் சிட்டையிற் கழித்துவிடுதல் கணினிக்கு ஒரு நொடி வேலை. முழுத்தொகையையும் ஒரே முறையிற் கட்ட இயலாதவருக்கு அதனை மாதங்களாகப் பகுத்து வாங்குதலும் அரிதன்று. புதியவர் ஒருவர் சேர்வதால் பழையவர் அனைவரும் பயன் பெறுகின்றனர் என்று கணக்குக் காட்டுகின்றதாகலின், எல்லார் சிட்டையிலும் ஒரு சிறு பங்கைச் சேர்த்துக் கடைசி வீடுகளுக்கு உதவுவதும் நீதியே. அது தருமமன்று, தாம் பெறும் பயனுக்குத் தாம் கொடுக்கும் விலை. தமிழர் இதற்கு ஒப்புரவு என்று பெயரிட்டனர்.

நிறுவனங்கள் மாறும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதுமில்லை. ஓர் ஒழுங்கையார் தனித்தனியே விண்ணப்பித்தால் தனித்தனியே விலை சொல்லப்படும். சேர்ந்து விண்ணப்பித்தால் கம்பச் செலவு பங்காகும். வீடு கட்டத் தொடங்குமுன்னரே, மொத்தமாக எவ்வளவு ஆகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வதும், திருப்பித் தரப்படும் வைப்புப் பணத்தின் பற்றுச்சீட்டை உறுதியோடு சேர்த்துப் பெட்டகத்தில் வைப்பதும் நன்று. சனசமூக நிலையங்கள் இத்தகைய கூட்டு விண்ணப்பங்களை எழுதிக் கொடுக்கும் பணியை மேற்கொள்ளலாம். உயர்தர வகுப்பு மாணவர்க்கு இதைவிடச் சிறந்த கட்டுரைப் பயிற்சி வேறு இல்லை. கணிதப் பயிற்சியும் அதிலே அடங்கும்.

பங்குக் கிணற்றில் கடைசி வீட்டானுக்கு நீர் இல்லை என்று சொல்லும் ஊர் நம்மிடையே மதிக்கப்பட்டதில்லை. குரலும் நீர் போன்றதே. ஓர் இடத்திலே தேங்கி நின்றால் அதனாற் பயனில்லை. ஏழு வீட்டு ஒழுங்கையில் ஆறு வீட்டுக்குக் கம்பி வந்து ஏழாவது வீடு விடுபட்டால், இழந்தது அவ்வேழாவது வீடு மாத்திரமன்று. கணித ஆசிரியரைக் கேளுங்கள்: மற்றை ஆறு வீட்டாரும் ஆளுக்கொரு வழியை இழந்திருக்கின்றனர்.